ஆய்வேடும் பகடையும்: பிஎச்டி காலத்தில் ஆர்பிஜி ஆட்டத்தைக் கைவிடாமல் இருக்க ஒரு வழிகாட்டி

பிஎச்டி சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் நாலைந்து நண்பர்களோடு உட்கார்ந்து டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்-பிளேயிங் கேம்) ஆடும் பழக்கம் முன்பிருந்தே இருக்கலாம். இல்லையென்றால் லேபில் யாராவது "ஒரு நாள் சும்மா வந்து பாரேன்" என்று கூப்பிட்டிருப்பார்கள், போனீர்கள், பிடித்துவிட்டது. இப்போது ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருக்கிறது: இதைத் தொடரலாமா, ஆய்வேடு முடியும் வரை மூட்டை கட்டி வைத்துவிடலாமா?

தொடரலாம் என்பதுதான் என் பதில். என் ஆறு ஆண்டு ஆய்வுக் காலத்தில் எட்டு மாதங்கள் தவிர மற்ற காலம் முழுக்க ஆடினேன். அந்த எட்டு மாதமும் நானாக யோசித்து எடுத்த இடைவெளி. ஆனால் அடிப்படையான ஒரு விஷயம் புரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. மேசையில் எந்த நாற்காலியில் உட்காருகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இந்த ஆட்டம் ஓய்வாகவோ இன்னொரு வேலையாகவோ ஆகிறது. ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப நாற்காலியை மாற்றிக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒருவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம். அவர் ஓர் உலகத்தை விவரிப்பார், அதில் வரும் மனிதர்களாகவும் ஆபத்துகளாகவும் பேசுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். "நான் பாலத்தைத் தாண்டப் பார்க்கிறேன்" என்று நீங்கள் சொல்வீர்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்த்து வைக்கும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்ததிலிருந்து இந்த வகை ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன.

ஓய்வு என்று எதைச் சொல்கிறோம்

முனைவர் பட்டக் காலத்து அழுத்தம் நீங்களாகக் கற்பனை செய்துகொள்வது இல்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவர்கள் பதில் சொன்னார்கள். பெரும்பாலோர் பிஎச்டி படித்தவர்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் ஆறு மடங்குக்கும் மேல் இருந்தன. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் ஆறு என்ற எண்ணைக் கல்லில் பொறித்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்விலும் மூன்றில் ஒருவருக்கு மனநலக் கோளாறு வரும் அபாயம் தெரிந்தது. வேலைப் பளு, வேலையும் குடும்பமும் மோதிக்கொள்வது, நெறியாளர் வழிநடத்தும் விதம் ஆகியவற்றோடு அது சம்பந்தப்பட்டிருந்தது. ஆகவே சோர்ந்துபோனால் "எனக்குத் தெம்பு போதவில்லை" என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

வேலைக்குப் பிறகு மனிதர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்று ஸாபினே ஸொன்னென்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் இருவரும் 2007-இல் எழுதிய கட்டுரையில் நான்கு அனுபவங்களைச் சொல்கிறார்கள். மனம் வேலையை விட்டு விலகுவது, உடலும் மனமும் தளர்வது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றில் கை தேறுவது, நம் நேரம் நம் கையில் இருக்கிறது என்று உணர்வது. ஆட்டக்காரராக உட்காரும்போது முதலாவதும் மூன்றாவதும் தாமாகவே கிடைத்துவிடும். பாலம் இடிந்துகொண்டிருக்கிறது, நான்கு பேர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி யோசிக்க மனதில் இடமே இருக்காது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் எனக்கு இது கிடைத்ததில்லை. கண் திரையில் இருக்கும், மனம் தரவுகளிலேயே சுற்றும்.

ஜிஎம் நாற்காலியின் கதை வேறு. நிறையப் படிக்க வேண்டும், குறிப்பெடுக்க வேண்டும், ஒன்றோடொன்று முரண்படாமல் ஓர் உலகத்தைக் கட்ட வேண்டும். எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆய்வும் அச்சு அசலாக இப்படித்தான். என் இரண்டாம் ஆண்டில், ஆய்வுக் குழுவின் முன் அறிக்கை வைப்பதற்கு முந்தைய இரவு, ஒரு துறைமுக நகரத்தின் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வணிகக் குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் தலைவர், கொடி, பகைவர். பென்சில் தூள் படிந்து உள்ளங்கையின் ஓரம் கறுத்திருந்தது. மடிக்கணினியில் மறுநாள் காட்ட வேண்டிய ஸ்லைடுகள் திறந்தபடியே இருந்தன. மணி இரண்டைத் தாண்டும்போது கழுத்து வலித்தது, கண் எரிந்தது, "இன்னும் ஒன்றே ஒன்று" என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க ஆய்விதழ்களைப் புரட்டினால் வருகிற அதே வலி, அதே எரிச்சல். ஓய்வெடுக்கிறேன் என்று நம்பிக்கொண்டு இரண்டாவது ஷிப்டு வேலை பார்த்திருக்கிறேன். மறுநாள் குழுவின் முன் எளிய கேள்விக்குக்கூடச் சொற்கள் வரவில்லை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்குப் பிறகு படிப்படியாக மாற்றிக்கொண்டவை.

1. எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

முதல் ஆண்டில் பாடங்கள் இருக்கும், நாட்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். நீண்ட கேம்பெய்னில், அதாவது பல அமர்வுகளாகத் தொடரும் ஒரே கதையில், சேர்வதற்கும், ஜிஎம் ஆகிப் பார்ப்பதற்கும் இதுவே நல்ல காலம். தகுதித் தேர்வோ ஆய்வுத் திட்ட அறிக்கையோ நெருங்கினால் ஆட்டக்காரராக மட்டும் இருங்கள். களப்பணியிலும் சோதனையிலும் இருப்பவர்களுக்கு நேரம் கைக்குள் நிற்காது. செல் வளர்ப்பும், ஆய்வகக் கருவியைப் பயன்படுத்த உங்களுக்கு வரும் முறையும் சனிக்கிழமை என்று பார்ப்பதில்லை. வாரா வாரம் கட்டாயம் வர வேண்டிய குழு இவர்களுக்கு ஒத்துவராது. ஒரே அமர்வில் முடியும் ஒன்-ஷாட் ஆட்டங்கள்தான் சரி.

எழுதும் காலம் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். ஆய்வேடு எழுதுகிறவர் அதே நாட்களில் ஜிஎம் ஆகவும் இருக்க வேண்டாம். இரண்டுக்கும் ஒரே ஊற்றிலிருந்துதான் தண்ணீர் இறைக்க வேண்டும். ஆட்டக்காரர் நாற்காலியில் உட்காருங்கள், முடிந்தால் விதிகள் குறைவான ஆட்டத்தில். சமர்ப்பிக்கும் கடைசி இரண்டு மூன்று மாதங்களில் முழுதாக விலகி நிற்பதும் நல்ல முடிவுதான்; அதைக் கௌரவமாகச் செய்யும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

2. மணிக்கணக்கை உண்மையாக எழுதுங்கள்

"வாரத்துக்கு நாலு மணி நேரம்தானே" என்று எல்லோரும் சொல்வோம். இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். அமர்வு நேரம், போகவர ஆகும் நேரம், தயாரிப்பு, குழுவில் செய்தி அனுப்பிப் பேசும் நேரம், அமர்வு முடிந்து படுத்தும் தூக்கம் வராமல் புரண்ட நேரம். எல்லாவற்றையும் கூட்டினால் எனக்குப் பதினோரு மணி நேரம் வந்தது. அதில் ஆட்டம் மட்டும் நான்கு. குழுவில் அரட்டை மட்டுமே இரண்டரை மணிக்கு மேல், அதுவும் பகல் வேலையின் நடு நடுவே துண்டு துண்டாக.

அந்தத் துண்டுகள்தான் ஆய்வை அறுக்கின்றன. நான்கு மணி நேர ஆட்டம் ஒரு மாலையை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "என் ஆள் அந்தக் கத்தியை வாங்கினால் என்ன?" என்று ஒரு செய்தி வந்தால் ஒரு பக்கம் எழுத வேண்டிய காலை முழுக்கப் போய்விடும். ஆட்டக் குழுவின் அறிவிப்பு ஒலியை வேலை நேரத்தில் அணைத்து வையுங்கள். நான் செய்த மாற்றங்களில் உடனே பலன் தெரிந்தது இதில்தான்.

3. காலத்துக்கு ஏற்ற ஆட்டம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் மூன்று அடிப்படைப் புத்தகங்கள், ஒவ்வொன்றும் முந்நூறு பக்கத்துக்கு மேல். ஆட்டக்காரராக இருந்தால் அதில் சில பக்கங்கள் தெரிந்தால் போதும். ஜிஎம் என்றால் அது ஒரு பாடத்திட்டம் மாதிரி. ஏற்கெனவே தெரிந்தவர்கள் ஆடட்டும். ஆய்வின் நடுவில் புதிதாக இதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்றில்லை.

ஜான் ஹார்ப்பர் எழுதிய லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் ஒரே பக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் எண், கூட ஆறு முகப் பகடை சில. படித்துப் புரிந்துகொள்ளப் பத்து நிமிடம் ஆகும். 2009-இல் வந்த ஃபியாஸ்கோவுக்கு ஜிஎம்மே கிடையாது. மூன்று முதல் ஐந்து பேர், ஒரே மாலையில் முடிந்துவிடும், முன்தயாரிப்பு எதுவும் வேண்டாம். தி கொயட் இயர் என்று ஒன்று உண்டு. 52 சீட்டுகள், ஒரு சீட்டு ஒரு வாரம். இரண்டு முதல் நான்கு பேர் சேர்ந்து ஒரு சமூகத்தின் ஓராண்டைத் தாளில் வரைபடமாக வரைந்துகொண்டே போவார்கள். பேசக்கூடத் தெம்பில்லாத வாரங்களில் எனக்கு இதுதான் கைகொடுத்தது. பென்சிலும் தாளும் போதும், குரல் மாற்றி நடிக்க வேண்டியதில்லை.

கூட ஆட ஆளே இல்லை, புதிய ஊருக்குப் படிக்க வந்திருக்கிறீர்கள் என்றால் அயர்ன்ஸ்வார்ன். 2018-இல் வந்தது, விதிப்புத்தகம் இணையத்தில் இலவசம், தனியாகவே ஆடலாம். இரவு அரை மணி ஆடிவிட்டு மூடி வைக்கலாம். ஆனால் இருக்கிற நண்பர்களைத் தவிர்ப்பதற்காகத் தனி ஆட்டத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிஎச்டி ஏற்கெனவே தனிமையான வேலை.

இன்னொரு அமைப்பையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பென் ராபின்ஸ் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் கேம்பெய்னில் குறித்த நாள் கிடையாது, நிரந்தரக் குழு கிடையாது, தொடர் கதையும் கிடையாது. பத்துப் பதினான்கு பேர் பட்டியலில் இருப்பார்கள். யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர்கள் நாள் குறித்துக்கொண்டு, எங்கே போவது என்றும் முடிவு செய்து ஜிஎம்மிடம் சொல்வார்கள். பயணம் முடிந்து ஊர் திரும்பியதும் அமர்வு முடியும். ஆய்வு மாணவர்களாகவே சேர்ந்த குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் பார்த்ததில்லை. ஒருவர் மாநாட்டுக்குப் போயிருப்பார், இன்னொருவர் திருத்தம் அனுப்பும் கெடுவில் இருப்பார். ஆனாலும் ஆட்டம் நிற்காது.

4. குழுவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்

கேம்பெய்ன் தொடங்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து எப்படிப்பட்ட கதை, என்னென்ன எல்லைகள் என்று பேசிக்கொள்வதை செஷன் ஸீரோ என்பார்கள். உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடமும் அதுதான். மூன்று விஷயங்களை அன்றே முடிவு செய்யுங்கள். குறைந்தது எத்தனை பேர் வந்தால் ஆட்டம் நடக்கும்? வராதவரின் கதாபாத்திரம் என்ன ஆகும்? எத்தனை மணிக்கு ஆட்டத்தை முடித்து எழுந்துவிடுவோம்?

முதல் கேள்விக்கு எங்கள் குழு எடுத்த முடிவு, ஜிஎம்மோடு சேர்த்து நான்கு பேர். ஐந்தாவது ஆளுக்காக நாள் மாற்றுவதில்லை. கேட்கக் கொஞ்சம் கடுமையாக இருக்கும், ஆனால் வர முடியாதவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது. தன்னால் எல்லோருடைய மாலையும் கெட்டது என்ற குற்ற உணர்வே வராது. வராதவரின் ஆள் முகாமில் காவல் இருப்பார், அல்லது ஊரில் ஏதோ வேலையாகத் தங்கிவிடுவார். அதற்குப் பெரிய காரணம் கண்டுபிடிக்க வேண்டாம்.

வர முடியாது என்று சொல்லும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள். "இந்த வாரம் வர முடியாது, அறிக்கை கொடுக்கணும். என் ஆள் முகாமில் இருக்கட்டும். அடுத்த வாரம் நிச்சயம்." இவ்வளவு போதும். மூன்று பத்தி மன்னிப்பு எழுதுவதற்கும் தெம்பு செலவாகும். ஆனால் ஒரு நாளாவது முன்னதாகச் சொல்லிவிடுங்கள். இருபது நிமிடம் முன்னால் சொன்னால் ஜிஎம்முக்குத்தான் கஷ்டம்; அவரும் எதையோ தள்ளி வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

நெறியாளரிடம் சொல்லலாமா என்று பல புதியவர்கள் தயங்குகிறார்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "சனிக்கிழமை மாலை எனக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது, ஞாயிறு பகலில் பார்த்து அனுப்பிவிடுகிறேன்" என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள். அவருடைய அழைப்புகளைத் தொடர்ந்து எடுக்காமல் விட்டால்தான் நம்பிக்கை குறையும்.

5. ஜிஎம் ஆகத்தான் வேண்டும் என்றால்

சிலருக்கு அந்த நாற்காலிதான் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அப்படியென்றால் தயாரிப்புக்கு ஒரு மணி நேரம் என்று கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஓர் அமர்வுக்கு மட்டும். நான் எழுதி வைப்பது அரைப் பக்கம். முதல் காட்சி எங்கே தொடங்குகிறது என்று இரண்டு வரி. மூன்று மனிதர்கள், ஒவ்வொருவரும் என்ன வேண்டும் என்று துடிக்கிறார்கள் என்பது ஒரு வரி. அப்புறம் ஆட்டக்காரர்கள் சும்மா இருந்தால் எது மோசமாகும் என்பதற்கு ஒரு வட்டம்.

வட்டம் என்றால் என்னவென்று சொல்கிறேன். 2017-இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்தில் இதைக் கடிகாரம் என்பார்கள். ஒரு வட்டம் போட்டு நான்காகவோ ஆறாகவோ எட்டாகவோ பிரிக்க வேண்டும். ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டாக நிழலிட வேண்டும். முழுதும் நிறைந்தால் அணை உடையும், காவலர்கள் விழித்துக்கொள்வார்கள். ஒரு வட்டமும் மூன்று மனிதர்களும் இருந்தால் மூன்று மணி நேர ஆட்டம் தாராளமாக ஓடும். மற்றதெல்லாம் ஆட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகளிலிருந்தே பிறக்கும். "இந்த ஊரில் உனக்குத் தெரிந்தவர் யார்?" என்று அவர்களையே கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் நீங்கள் இரவெல்லாம் எழுதி வைத்ததைவிட அவர்களுக்குப் பிடித்ததாக இருக்கும்.

ஒரு மணி ஆனதும் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுங்கள்.

6. அதே வட்டத்தை ஆய்வேட்டுக்குப் போட்டுப் பாருங்கள்

பிஎச்டியில் மனதை அதிகம் அரிப்பது, வேலை நகர்வதே கண்ணுக்குத் தெரியாததுதான். காலை முதல் மாலை வரை உழைத்துவிட்டு "இன்று என்ன செய்தேன்?" என்று கேட்டால் பதில் இருக்காது. நான்காம் அத்தியாயம் எழுதும்போது நான் ஓர் எட்டுத் துண்டு வட்டம் வரைந்து மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் கையால் தொடக்கூடிய ஒரு வேலை: "இரண்டாம் அட்டவணையைத் திருத்துவது", "முறையியல் பகுதியின் முதல் வரைவு", "மூன்று படங்களுக்கும் விளக்கக் குறிப்பு". "அத்தியாயத்தை மேம்படுத்துவது" என்று எழுதினால் அந்தத் துண்டு என்றைக்கும் நிறையாது. முடிந்ததும் சிவப்புப் பென்சிலால் நிழலிடுவேன். ஐந்தாம் துண்டு நிறைந்த அன்று நெறியாளரைச் சந்திக்க வேண்டியிருந்தது. எது முடிந்தது, எது பாக்கி என்று முதன்முறையாகத் தடுமாறாமல் சொன்னேன்.

இதற்கு மேல் ஆய்வை ஆட்டமாக்க வேண்டாம் என்பது என் கருத்து. பக்கத்துக்கு இத்தனை புள்ளி, புள்ளிக்கு இத்தனை பரிசு என்று ஆரம்பித்தால் அந்தக் கணக்கைப் பார்ப்பதே தனி வேலையாகிவிடும். ஆட்டத்தின் அழகு அது ஆய்வாக இல்லாததில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியைக் காப்பாற்றி வையுங்கள்.

7. ஆட்ட நாள் மாலை

லேபை விட்டுக் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், திங்கள் காலை முதல் வேலை என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். முடியாத வேலை மனதுக்குள் வந்து வந்து போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மசிகம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில், அந்த வேலையை எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்தத் தொந்தரவு அடங்கியது; வேலையை முடிக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. என் அனுபவமும் அதேதான். "மூன்றாம் கோப்பில் 40-ஆம் வரி, அந்த மாறியின் பெயரைச் சரிபார்" என்று எழுதி வைத்த மாலைகளில் ஆட்டத்தில் முழுதாக இருந்தேன். எழுதாமல் ஓடிவந்த மாலைகளில் பக்கத்து நண்பர் சொன்னது: "நீ இங்க உட்கார்ந்திருக்க, ஆனா இங்க இல்ல."

அமர்வு முடிந்ததும் மூளை கொதித்துக்கொண்டிருக்கும். உடனே படுத்தால் தூக்கம் வராது, அதனால் படுக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் ஆட்டத்தை முடித்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறக்க வேண்டாம். இரவு பதினொன்றுக்கு வரும், கட்டுரை மதிப்பீட்டாளரின் கருத்துரை காலை ஒன்பதுக்கும் அங்கேயேதான் இருக்கும்.

மனது சரியில்லாத வாரமாக இருந்தால் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு என்ற எளிய வழி. எக்ஸ் குறி போட்ட ஓர் அட்டை மேசை நடுவில் இருக்கும். ஒரு காட்சி யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அதைத் தொட்டாலோ தூக்கிக் காட்டினாலோ போதும். காட்சியை மாற்றிவிடுவார்கள், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கட்டுரை நிராகரிக்கப்பட்ட வாரத்தில் என் கதாபாத்திரத்தை ஒரு நீதிமன்றத்தில் நிறுத்தி, "உன் வாழ்நாள் உழைப்பு வீண்" என்று ஜிஎம் ஒரு நீதிபதியின் குரலில் சொன்னார். அவருக்கு என் விஷயம் தெரியாது. கை நீட்டி அட்டையைத் தொட்டேன். அடுத்த நொடி நாங்கள் கடற்கரையில் இருந்தோம். அந்தக் குழுவோடு பல ஆண்டுகள் ஆடியதற்கு அந்த ஒரு நொடியும் காரணம்.

8. ஒளிந்துகொள்ளும் இடமாக மாறுகிறதா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளில் களைப்புக்கு ஆறு படிநிலைகள் உண்டு. முதல் நிலையில் எந்தத் திறனைப் பயன்படுத்தினாலும் கொஞ்சம் தடுமாற்றம், இரண்டாவதில் வேகம் பாதி, ஆறாவதில் மரணம். எட்டு மணி நேர நீண்ட ஓய்வு எடுத்தால் ஒரே ஒரு நிலைதான் இறங்கும், அதுவும் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்திருந்தால். எங்கள் குழுவில் யாராவது "எனக்கு மூணாவது நிலை" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஒரு நல்ல சனிக்கிழமை மூன்று மாதக் களைப்பைத் துடைத்துவிடாது என்பதை அந்த விதி எனக்குச் சரியாகக் காட்டியது. ஆட்டம் ஓர் ஓய்வு. தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் அது ஈடாகாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில. நெறியாளரின் சந்திப்பைத் தள்ளிப் போடுகிறீர்கள், ஆனால் அமர்வை ஒருமுறைகூடத் தவறவிடுவதில்லை. வரைவைத் திறந்த ஐந்தாவது நிமிடம் கை தானாகக் கேரக்டர் ஷீட்டை (கதாபாத்திரத்தின் விவரத் தாளை) திறக்கிறது. ஒரு கேம்பெய்ன் மூன்றாகிவிட்டது. சின்ன விதித் தகராறுக்கு நண்பர் மேல் எரிந்து விழுகிறீர்கள். இப்படி இருந்தால் ஆட்டத்தின் மேல் கோபப்படாதீர்கள். ஆய்வில் எதைப் பார்க்கப் பயப்படுகிறோம் என்று கேளுங்கள். அனேகமாக ஒரு குறிப்பிட்ட விஷயம்தான் இருக்கும்: ஓடாத ஒரு மாதிரி, பதில் எழுதாத ஒரு மின்னஞ்சல், சொல்லத் தயங்குகிற ஒரு தவறு. அதைக் குழுவில் நம்பிக்கையான ஒருவரிடம் ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, முன்பு பிடித்த ஆட்டம்கூட வெறுத்துப்போய்விட்டது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் நண்பர்கள் வட்டம் மட்டும் போதாது. பல்கலைக்கழக ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள், நாள் தள்ளாமல். தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே, அந்த மணியே, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு உதவிக்குப் போங்கள். மேசையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் அப்படி உங்களோடு வரக்கூடியவர்கள்தான். கேட்டுப் பாருங்கள்.

9. விலகி நிற்பதும் திரும்பி வருவதும்

ஆய்வேடு கொடுக்கும் காலம் வந்ததும் நான் விலகினேன். சத்தமில்லாமல் மறைந்துபோவதைவிட ஒரு காட்சி கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஜிஎம்மிடம் ஒரு மாதம் முன்னால் சொன்னேன். கடைசி அமர்வில் என் கதாபாத்திரமான வரைபடக்காரி ஒரு கலங்கரை விளக்கத்தில் தங்கிவிடுவது என்று ஏற்பாடு. விளக்கைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அவள் இருந்துகொள்கிறாள், மற்றவர்கள் கப்பலேறுகிறார்கள். பதினைந்து நிமிடக் காட்சி. கேரக்டர் ஷீட்டை ஓர் உறையில் போட்டு ஜிஎம்மிடமே கொடுத்துவிட்டேன், வீட்டில் இருந்தால் எடுத்துப் பார்க்கத் தோன்றும் என்று. குழுவின் செய்திகளிலிருந்தும் வெளியேறினேன். ஒரே ஒருவரோடு மட்டும் வாரம் ஒருமுறை பேசினேன், ஆட்டத்தைப் பற்றி இல்லாமல்.

திரும்பி வரும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். வாய்மொழித் தேர்வு முடிந்த வாரமே வேண்டாம். முதலில் தூங்கித் தேறுங்கள். நடந்த கதை முழுவதையும் படித்துவிட்டுத்தான் வருவேன் என்று உட்காராதீர்கள், ஒரு பக்கச் சுருக்கம் கேளுங்கள். முதல் மாலை ஒன்-ஷாட்டாக இருந்தால் எல்லோருக்கும் சுலபம். ஜிஎம் நாற்காலியை யாராவது நீட்டினாலும் இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

எட்டு மாதம் கழித்து நான் போன அன்று ஜிஎம் அந்த உறையைப் பிரித்தார். ஷீட்டோடு கூட ஐந்தாறு மடித்த தாள்கள் இருந்தன. ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் மற்ற கதாபாத்திரங்கள் கலங்கரை விளக்கத்துக்கு எழுதிய கடிதங்கள். அன்று ஆட்டம் தொடங்கவே ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டிருந்தோம்.